பையில் எழுதியிருப்பது பைக்குள் இருக்கட்டும்

யாழ்ப்பாணத்தில் நாய், பூனை உணவு விற்கும் கடைக்காரர்களுக்கும், கொழும்பிலிருந்து எடுத்துத் தரும் முகவர்களுக்கும், இங்கேயே தயாரிக்கும் சிறு உற்பத்தியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

காலையில் புட்டு, மத்தியானம் சோறும் மூன்று கறியும், இரவில் இடியப்பமோ பாணோ. இன்றைக்குக் கீரை இல்லாவிட்டால் நாளைக்கு முருங்கையிலை வரும். மனிசர் சாப்பாட்டில் ஒரு வேளையின் குறையை இன்னொரு வேளை நிரப்பிவிடுகிறது. பக்கற் உணவில் வளரும் நாய்க்கும் பூனைக்கும் அந்த வழி இல்லை. ஒரே மூடையிலிருந்து ஒரே உருண்டையை வருடம் முழுக்கச் சாப்பிடுகின்றன. அந்த உருண்டையில் ஒரு சத்துக் குறைந்தால் அதைப் பிடித்துத் தர வேறு சாப்பாடு கிடையாது. கூடினாலும் அப்படித்தான்: நாள்தோறும் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் இந்த உணவில் தரம் என்றால் முதலில் மாறாமை என்கிறோம். சென்ற மாத மூடையும் இந்த மாத மூடையும், மூடையின் மேல் கிலோவும் அடிக் கிலோவும் ஒன்றாக இருக்கவேண்டும்.

இங்கே அது கடையில், வரும் வழியில், தயாரிக்கும் இடத்தில் என்று மூன்று இடங்களில் குலைகிறது. பெரிய குலைவு கடையில்தான் நடக்கிறது. அதற்கு முன் லேபலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அதில் உள்ள எண்கள் எதைச் சொல்கின்றன என்பது விற்பவருக்கே தெளிவில்லாமல் இருப்பதைப் பல இடங்களில் காண்கிறோம்.

லேபலில் புரதமும் கொழுப்பும் ‘குறைந்தது இவ்வளவு’ என்றும், நாரும் ஈரப்பதனும் ‘கூடியது இவ்வளவு’ என்றும் போட்டிருக்கும். கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் என்று எழுதிய மூடையில் 10 இருந்தாலும் சரி, 14 இருந்தாலும் சரி, லேபல் பொய் சொல்லவில்லை. ஆனால் நாய்க்கு அவை இரண்டும் ஒரே உணவு ஆகாது. ரின் உணவையும் உலர் உணவையும் ஒப்பிடும்போது தண்ணீரைக் கழித்துப் பாருங்கள். ஈரப்பதன் 78, புரதம் 9 என்றுள்ள ரின்னில் உலர்பொருள் 22தான். 9ஐ 22ஆல் வகுத்தால் 41 சதவீதப் புரதம் வரும். ஈரப்பதன் 10, புரதம் 26 என்றுள்ள உலர் உணவில் வருவது 29. ‘ரின்னில் சத்தே இல்லை, வெறும் தண்ணி’ என்று வாடிக்கையாளருக்குச் சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும்.

புரதம் என்று போடும் எண் நேரே அளந்த எண்ணும் அன்று. ஆய்வுகூடம் நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் போடுகிறது. இந்த ஓட்டையால் நடந்ததுதான் 2007இல் வட அமெரிக்காவைக் கலக்கிய விவகாரம். சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற, பிளாஸ்ரிக் செய்ய உதவும் இரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைதரசன். 100 கிலோ மாவில் ஒரு கிலோ மெலமைன் போட்டால் கணக்கில் புரதம் நான்கு சதவீதத்துக்கு மேல் ஏறும். உண்மைப் புரதம் ஒரு கிராமும் ஏறாது. மெலமைன், கூடவே இருந்த சயனூரிக் அமிலம் என்ற இன்னொரு இரசாயனத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் பளிங்காகப் படிந்து நாய்களையும் பூனைகளையும் கொன்றது. ஆகவே லேபலில் புரத எண்ணை மட்டும் பார்த்து வாங்கி விற்கவேண்டாம். எந்த வயதுப் பிராணிக்கு ‘கொம்பிளீட் அண்ட் பலன்ஸ்ட்’, அதாவது வேறெதுவும் சேர்க்காமல் அதையே உணவாகக் கொடுக்கலாம் என்ற வாசகம் இருக்கிறதா, எந்த அளவுகோலின்படி என்று பாருங்கள். அமெரிக்கத் தீனிக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோ, ஐரோப்பியப் பிராணி உணவுத் தொழிலின் சம்மேளனமான ஃபெடியாஃப் இரண்டில் ஒன்று பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும். அந்த வாசகம் இல்லாதது தின்பண்டமோ துணை உணவோதான். முழு உணவாக விற்கக்கூடாது.

இனிக் கடைக்கு வருவோம்.

20 கிலோ மூடையின் வாயை வெட்டி, கடை முகப்பில் நிறுத்தி, பால்மாப் பேணியால் அள்ளி, ஒரு கிலோ இரண்டு கிலோவாகப் பொலித்தீன் பையில் கட்டி விற்கிறீர்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் விலை ஏறிய பிறகு முழு மூடை வாங்க முடியாத வீடுகளுக்கு இது உதவி என்பதை நாம் மறுக்கவில்லை. நிறுத்துங்கள் என்றும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெயர் இல்லை. தொகுதி இலக்கம் இல்லை. காலாவதித் திகதி இல்லை. குட்டிக்கா வளர்ந்ததற்கா என்று இல்லை. இரண்டு நாள் வெயிலில் தொங்கினால் பையின் உட்பக்கத்தில் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும்.

அந்த எண்ணெய்தான் முதலில் பழுதாகும் பகுதி. இந்த உருண்டைகள் நீராவியிலும் அழுத்தத்திலும் 110 முதல் 150 பாகை வரை வெந்து, அச்சு வழியாக வெளியே வந்து, உலர்ந்த பிறகுதான் கொழுப்பு வெளியே தெளிக்கப்படுகிறது. மணமூட்டியும் அதன்மேல்தான் பூசப்படுகிறது. கொழுப்பு உருண்டையின் தோலில் இருப்பதால் காற்றுப் பட்டவுடன் காறத் தொடங்கும். அசல் பையில் காற்றையும் ஈரத்தையும் மறிக்கும் படலம் உள்ளே உண்டு. மெல்லிய பொலித்தீனில் அது இல்லை. கொழுப்புக் காறும்போது விற்றமின் ஈ முதலில் செலவாகும், விற்றமின் ஏ கூடவே போகும். வெக்கையும் ஈரமும் தயமினை, அதாவது விற்றமின் பி1ஐ, குறைக்கும். திறந்த உணவை 27 பாகைக்குக் குறைந்த, உலர்ந்த இடத்தில் வைத்து ஆறு கிழமைக்குள் முடிக்கவேண்டும் என்பது பொதுவான அறிவுரை. யாழ்ப்பாணத்தில் பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரை தகரக் கூரைக்குக் கீழே 27 பாகை எங்கே கிடைக்கும்? பையில் உள்ள 18 மாதத் திகதி திறக்காத பைக்கானது. வாயை வெட்டிய அன்றே அந்தத் திகதி செல்லாது. கடையில் மூன்று கிழமை, வீட்டில் மூன்று கிழமை என்று இரண்டையும் கூட்டித்தான் எண்ணவேண்டும். எங்கள் வெக்கைக்கு, திறந்த மூடை கடையில் பத்து நாளில் முடியவேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். முடியாவிட்டால் 20 கிலோவை விட்டு 3 கிலோப் பையை இறக்குங்கள்.

அடுத்தது மூடையின் அடி. பல நிறம், பல வடிவம் கலந்த உணவில் சிறியதும் பாரமானதும் கீழே இறங்கும். லொறியில் ஏ-9 வீதி முழுக்கக் குலுங்கி வந்த மூடை ஏற்கெனவே பிரிந்துதான் வருகிறது. பூச்சு உதிர்ந்து அடியில் தூளாகத் தேங்கும். அதில் கொழுப்பும் உப்புச் சுவையும் கூட. முதல் வாடிக்கையாளர் ஒரு உணவு கொண்டுபோகிறார், கடைசி வாடிக்கையாளர் இன்னொன்று. கடைசி இரண்டு கிலோவைத் தின்கிற நாய்க்கு வயிற்றோட்டம் என்று வந்தால் வியப்பில்லை. திறக்க முன் மூடையைப் படுக்கவைத்து இரண்டு மூன்று தரம் உருட்டுங்கள். அடித்தூளைச் சலித்து ஒதுக்குங்கள், விற்காதீர்கள். வாளியில் கொட்டி வைப்பவர்கள் பழைய அடியின் மேல் புதியதைக் கொட்டவேண்டாம். வாளிச் சுவரில் ஒட்டிய பழைய கொழுப்பு புதியதையும் காறவைக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, முடிந்தால் அசல் பையோடேயே வாளிக்குள் இறக்கி, வாயைச் சுருட்டி மூடுங்கள். நிலத்தில் வைக்காமல் பலகையின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி.

இதைவிடப் பாரதூரமானது ஆள் மாறாட்டம். ஒரு வகை முடிந்துவிட்டால் அதே வாளியில் இன்னொரு வகை வருகிறது. பார்வைக்கு இரண்டும் மண்ணிற உருண்டை. நாயின் குடலுக்கு அது திடீர் மாற்றம். ஏழு நாளில் கால், அரை, முக்கால் என்று கலந்து மாற்றவேண்டியதை ஒரே நாளில் மாற்றிவிடுகிறீர்கள், வீட்டுக்காரருக்குத் தெரியாமலே. அளவும் மாறிவிடும். புரதம் 22, கொழுப்பு 10, நார் 4, ஈரப்பதன் 10, சாம்பல் (அதாவது கனியுப்புகள்) 8 என்றால் மிச்சம் 46 மாப்பொருள். புரதத்தையும் மாப்பொருளையும் 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமில் 323 கலோரி. புரதம் 18, கொழுப்பு 6, நார் 5, ஈரப்பதன் 12, சாம்பல் 9 என்ற மலிவு வகையில் 289. 15 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 850 கலோரி வேண்டும். முதல் வகையில் 263 கிராம், இரண்டாவதில் 294. ‘இரண்டு கப் போடுங்கோ’ என்று சொல்லி அனுப்பினால் எந்தக் கப், எந்த உருண்டை? தராசு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. கிராமில் நிறுத்துக் காட்டுங்கள்.

‘பூனைக்கும் இதையே குடுக்கலாம்’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். ஆஃப்கோ அளவுகோலில் வளர்ந்த நாய்க்கு உலர்பொருளில் 18 சதவீதப் புரதம் போதும், பூனைக்கு 26. புரதத்தோடு முடிந்தால் பரவாயில்லை. கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய டோரின் என்ற சத்தைப் பூனையின் உடல் தேவையான அளவு செய்யாது, உணவில் வரவேண்டும். உலர் உணவில் 0.1, ரின் உணவில் 0.2 சதவீதம். நாய் உணவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டோரின் குறைந்தால் பூனையின் விழித்திரை அழியும் என்பது 1975இல் தெரியவந்தது. 1987இல் கலிபோர்னியாவில், இதயம் வீங்கித் தளர்ந்த பூனைகள் டோரின் கொடுத்தபோது தேறின. அப்பூனைகள் தின்றதும் கடையில் விற்ற, அன்றைக்குப் போதுமென்று நம்பிய உணவுதான். அதன் பிறகே உற்பத்தியாளர்கள் அளவைக் கூட்டினார்கள். விற்றமின் ஏயையும் பூனை கரட்டிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. விலங்குப் பொருளிலிருந்தோ சேர்மானத்திலிருந்தோ நேரே வரவேண்டும். பெயரில்லாத பையில் நாய் உணவு வாங்கிப் போன பூனை வீட்டுக்காரருக்கு இந்த இழப்பு கண்ணில் தெரிய மாதக்கணக்காகும். தெரியும்போது விழித்திரை திரும்பாது.

குட்டிகளின் விடயமும் இதுதான். ஜேர்மன் ஷெப்பர்ட், ரொட்வைலர், லப்ரடோர் குட்டிகளுக்கு ஆறு மாதம் வரை கூடிய கல்சியத்தைக் குடல் மறிக்காது. வந்ததெல்லாம் உள்ளே போகும். பெரிய இனக் குட்டிக்கான உணவில் கல்சியம் உலர்பொருளில் 1.2 முதல் 1.8 சதவீதத்துக்குள் நிற்கவேண்டும் என்பது அதற்காகத்தான். எது குட்டிக்கானது என்று எழுதாத பையும் அதன் மேல் ‘கல்சியம் சிரப்’பும் சேர்த்து விற்பதை விடுங்கள். சரியான உணவு தின்கிற குட்டிக்கு அந்த மருந்து மூட்டையும் எலும்பையும் கோணலாக்கும்.

முகவர்களுக்கு: தொழிற்சாலையில் சரியாக இருந்த உணவு வழியில் பழுதாகலாம். 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் அவுஸ்திரேலியாவில் இறக்குமதியான ஒரு பூனை உணவைத் தின்ற பூனைகள் பின்னங்கால் இழுத்து விழுந்தன. அந்த உணவு நாட்டுக்குள் வரும்போது கிருமி நீக்கத்துக்காகக் கூடிய அளவு கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்டிருந்தது. பூனை உணவுக்குக் கதிர்வீச்சு அங்கே 2009இலேயே தடைசெய்யப்பட்டது. இங்கே கதிர்வீச்சு இல்லாவிட்டாலும் 400 கிலோமீற்றர் தார்ப்பாயின் கீழே வரும் வெக்கை உண்டு, உரத்தோடும் பூச்சிமருந்தோடும் ஒரே களஞ்சியத்தில் அடுக்குவது உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த மூடையைக் காயவிட்டு அனுப்புவதும் உண்டு. நனைந்த மூடை உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். அஃப்லடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும் பூஞ்சணத்துக்கு எங்கள் 30 பாகை மிக வசதி, அந்த நஞ்சு காயவைத்தாலும் சூடாக்கினாலும் முழுதாகப் போகாது. அமெரிக்கா வைத்திருக்கும் எல்லை 100 கோடியில் 20 பங்கு. அதைத் தாண்டிய சோள உணவால் 2020 கடைசியில் அங்கே நாய்கள் செத்தன. நனைந்த மூடையைக் கழிவு விலைக்குக் கடைக்குத் தள்ளாதீர்கள். திருப்பி எடுத்து அழியுங்கள்.

2018இலும் 2019இலும் அமெரிக்காவில் சில நாய் உணவுகளில் விற்றமின் டி அளவு மீறியிருந்தது. சில மாதிரிகளில் இருக்கவேண்டியதைப்போல் ஏறக்குறைய 70 மடங்கு. கூடுதல் விற்றமின் டி சிறுநீரில் இலகுவாக வெளியேறாது. இரத்தத்தில் கல்சியத்தை ஏற்றி, வாந்தி, ஓயாத தாகம் என்று தொடங்கிச் சிறுநீரகத்தில் முடிக்கும். அந்த உணவுகளைத் தொகுதி இலக்கத்தையும் திகதியையும் வைத்துத்தான் திரும்ப அழைத்தார்கள். அப்படியொரு அழைப்பு நாளைக்கு வந்தால், எந்த இலக்கம் எந்தக் கடைக்குப் போனது என்று உங்கள் பற்றுச்சீட்டில் இருக்கிறதா? மூடை எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஒரு நிரல் கூட்டி எழுதினால் போதும்.

உள்ளூரில் தயாரிப்போருக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். குறுணல் அரிசி, கோழித் தலை, ஈரல், மீன்தூள், சோயா எல்லாம் நல்ல மூலப்பொருள்கள். இங்கே செய்தது புதிதாகவும் கைக்கெட்டும் விலையிலும் கிடைக்கும். தொல்லை என்னவென்றால் அந்த மூலப்பொருள் மூடைக்கு மூடை மாறும். ஒரு கரையில் தலையும் முள்ளும் கூடின மீன்தூள், இன்னொரு கரையில் சதை கூடினது. ஒன்றில் மணலும் உப்பும். தவிட்டில் உமி எவ்வளவு என்பது மில்லுக்கு மில் வேறு. வாளியால் அளந்தால் இந்த வேறுபாடு இரட்டிக்கும், ஏனென்றால் அமுக்கிய தவிடும் அமுக்காத தவிடும் ஒரே வாளியில் ஒரே எடை அல்ல. எல்லாவற்றையும் நிறுங்கள்.

தவிட்டின் கணக்கு ஒன்றைக் காட்டுகிறோம். தவிட்டில் பொசுபரசு ஏறக்குறைய 1.6 சதவீதம், கல்சியம் வெறும் 0.1. 100 கிலோக் கலவையில் 20 கிலோத் தவிடு போட்டால் 320 கிராம் பொசுபரசும் 20 கிராம் கல்சியமும் வரும். பொசுபரசு ஒரு பங்கு என்றால் கல்சியம் ஒரு பங்குக்குக் குறையாமலும் இரண்டு பங்குக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும். 1.2 பங்கு என்று வைத்தால் இந்தத் தவிட்டுக்கு மட்டும் 364 கிராம் கல்சியம் கூட வேண்டும். கோழித்தீனிக்குப் போடுகிற சிப்பித்தூளில் கல்சியம் ஏறக்குறைய 38 சதவீதம். ஆகவே 960 கிராம் சிப்பித்தூள். இதைப் போடாவிட்டால் நாய் தன் எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கும். குட்டிக்குக் கால் வளையும். கைப்பிடி கணக்கில் இரண்டு கிலோ போட்டால் மற்றப் பக்கம் சரியும், துத்தநாகம் உறிஞ்சப்படாமல் தோல் வெடிக்கும். மீன்தூளிலும் கோழி எலும்பிலும் கல்சியம் ஏற்கெனவே உண்டு. அவற்றையும் சேர்த்துக் கூட்டிய பிறகே சிப்பித்தூளின் அளவை முடிவுசெய்யுங்கள். பூனை உணவில் தவிட்டைத் தவிருங்கள்: அது பூனையின் டோரினைக் குறைக்கிறது.

விற்றமின், கனியுப்புச் சேர்மானம் 100 கிலோவுக்கு 200 கிராம் அளவில்தான் போகும். அதை நேரே மிக்சருக்குள் தூவினால் ஒரு மூலையில் குவியும். முதலில் அந்த 200 கிராமை இரண்டு கிலோ அரிசி மாவோடு கலந்து, அதைப் பத்துக் கிலோவாக்கி, பிறகு மிச்சத்தோடு சேருங்கள். கலந்ததா என்று கண்ணால் தெரியாது. கறியுப்பை அடையாளமாக வைத்துப் பாருங்கள்: கலவையின் பத்து வெவ்வேறு இடத்திலிருந்து பத்து மாதிரி எடுத்து, ஒவ்வொன்றிலும் உப்பை உப்பளக்கும் பட்டியால் அளந்து, சராசரியும் நியம விலகலும் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) காணுங்கள். சராசரி 0.50, விலகல் 0.04 என்றால் மாறல், அதாவது விலகலைச் சராசரியால் வகுத்தது, 8 சதவீதம், நல்லது. 10ஐத் தாண்டினால் கலக்கும் நேரம் போதவில்லை, அல்லது மிக்சரைக் கழுத்து வரை நிரப்பிவிட்டீர்கள், அல்லது அலகு தேய்ந்துவிட்டது.

வெயிலில் காயவைப்பவர்கள் ஒரு உருண்டையை உடைத்து நடுவைத் தொட்டுப் பாருங்கள். வெளி கலகலக்கும், நடு ஈரமாக இருக்கும். ஈரப்பதன் 10 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். சூடு ஆறாமல் பையிலிட்டால் பைக்குள் வியர்த்து, அந்தத் துளி விழுந்த இடத்தில் பூஞ்சணம் வரும். நெத்தலி, சூடை போன்ற சிறு மீன்களைப் பச்சையாகச் சேர்க்கவேண்டாம்; அவற்றில் தயமினை அழிக்கும் நொதியம் உண்டு, வெந்தால் அது போய்விடும்.

புதிய மூலப்பொருள் தொகுதி வரும் ஒவ்வொரு முறையும், முடிந்த உணவில் மேல், நடு, அடி என்று பத்து இடத்திலிருந்து அள்ளி ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்த்து, அரைக் கிலோவை ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். இன்னொரு அரைக் கிலோவைக் காற்றுப் புகாத போத்தலில் திகதி எழுதி, அந்த உணவின் காலாவதி வரை வைத்திருங்கள். முறைப்பாடு வரும் அன்று பேசுவதற்கு அந்தப் போத்தல் வேண்டும்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் இம்மடலின் பிரதி போகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி லேபல் பற்றி வியாபாரிகளுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. பிரித்துக் கட்டி விற்கும் பிராணி உணவுக்கும் பெயர், தொகுதி இலக்கம், திகதி தமிழிலும் சிங்களத்திலும் கட்டாயம் என்று ஒரு பணிப்புரை போதும் என்று கேட்டுள்ளோம்.

அது வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. அடுத்த மூடையின் வாயை வெட்ட முன், லேபலைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பிறகு கட்டுகிற ஒவ்வொரு பையிலும் இப்படி ஒரு சீட்டை ஒட்டுங்கள்:

உணவின் பெயர்:
நாய் / பூனை, குட்டி / வளர்ந்தது:
தொகுதி இலக்கம்:
அசல் காலாவதித் திகதி:
மூடை திறந்த திகதி:
இந்தத் திகதிக்கு முன் முடிக்கவும்:
ஒரு நாளைக்கு, எடைக்கேற்ப, கிராமில்:

கடைசி வரியை அசல் பையின் அட்டவணையிலிருந்து பார்த்து எழுதுங்கள். மூடை முடிந்ததும் வெற்றுப் பையை எறியாமல் இரண்டு மாதம் மடித்து வையுங்கள். மிருக வைத்தியர் கேட்டால் அதைத்தான் கேட்பார்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் பிராணிகளின் ஊட்டத்தோடு தொழில் செய்வோர் சிலர்